என் வீட்டுக்காரர் கட்டிய போர்க்கப்பல்

மரக்காணத்தில் இரும்புக்கு ஆயுசு குறைவு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். சன்னலுக்கு அடித்த பெயிண்ட் இரண்டு மழைக்காலம் தாண்டாது. கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், உள்ளேயிருந்து துரு எட்டிப்பார்க்கும். ஊரில் எல்லோரும் இந்தக் காற்றைத் திட்டுவார்கள். என் வீட்டுக்காரர் மீரான் மட்டும் திட்டமாட்டார். அவர் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். உப்புக் காற்று தின்னத் தின்ன அவருக்கு வேலை.

எண்பத்தேழாம் வருஷம் எங்கள் தர்காத் திருவிழாவான கந்தூரிக்கு அவர் ஒரு கப்பல் கட்டினார். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவருடைய தம்பி தவுசீப்பைச் சொல்லாமல் அந்தக் கப்பலைச் சொல்ல முடியாது. தம்பி பேச்சை எடுத்தாலே அவருக்கு முகம் மாறிவிடும். படிக்கிறவர்கள் அவரிடம் போய்ச் சொல்லாமல் இருந்தால் போதும்.

பாண்டிச்சேரியில் ஒரு பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டு வந்தவர் அவர். தம்பிக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். துபாய்க்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் ஒன்றாகப் பம்பாய்க்கு ரயிலேறினார்கள். அங்கே ஆளுக்கொரு தகட்டைக் கொடுத்துப் பற்றவைக்கச் சொன்னார்களாம். அண்ணன் வைத்த பற்றைப் பார்த்து, ஆள் எடுக்க வந்த இன்ஜினியர் பலே என்று தலையை ஆட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு கண் பரிசோதனை. கண்ணாடி போடாமல் பட்டறை வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போயிருந்த கண் அவருடையது. தவுசீப் துபாய்க்குப் போனான். கப்பல்களை ஏற்றிவைத்துப் பழுதுபார்க்கும் துறையில் வேலை. என் வீட்டுக்காரர் அதே ரயிலில் திரும்பிவந்தார்.

அழவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து தவுசீப் எதை வாங்கினாலும் அதற்குள் ஒரு கோணலைக் கண்டுபிடிப்பார். டேப் ரெக்கார்டர் வந்தால், "சத்தம் தகரம் மாதிரி இருக்குது." கைக்கடிகாரம் வந்தால், "இது தண்ணில நிக்காது." பள்ளிவாசல் தெரு முனையில் தம்பி வீடு கட்டினபோது கீழ்த்தளத்து கிரில் எல்லாம் இவர்தான் செய்தார். பூ, கொடி, மயில் என்று வளைத்து வளைத்துச் செய்தார். மாட்டிவிட்டு வந்து சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தார். "சன்னலு மட்டும்தான் அந்த வீட்ல பாக்குற மாதிரி இருக்குது" என்றார் கடைசியில்.

தவுசீப்பின் பெண்டாட்டி ஆஸிஃபா பிளஸ் டூ படித்தவள். நான் ஏழாவதோடு நின்றவள். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

தர்காவில் அடங்கியிருக்கும் அவுலியாவின் கந்தூரிக்குக் கொடி ஒரு கப்பலில்தான் போகும். கடற்கரை ஊர்களில் அப்படி ஒரு வழக்கம். மூங்கிலும் கலர் காகிதமும் வைத்துக் கட்டின கப்பல், ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றி வந்து, கொடியைத் தர்காவில் ஏற்றிவிட்டுக் கப்பலைக் கடலில் விடுவார்கள். அந்தக் கப்பல் எங்கள் மாமனார் பொறுப்பு. அவர் மவுத்தான பிறகு என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் கட்டினார். தம்பி தூரத்தில் இருந்ததால் கேள்வியே வரவில்லை. எண்பத்தேழில் மாடி கட்டுவதற்காகச் சில மாத லீவில் வந்தவன் கேட்டுவிட்டான்.

"இந்த வருஷம் கப்பல் நான் பாத்துக்குறேன்ணே. பாண்டில ஒரு பார்ட்டி இருக்கான். தெர்மகோல்ல செஞ்சு, சீரியல் லைட் போட்டுத் தந்துடுவான். உனக்கும் சிரமம் இல்ல."

"எனக்குச் சிரமம்னு யாரு சொன்னா?"

"அத்தா கப்பல்தானேண்ணே. நானும் அத்தாவுக்குப் புள்ளதானே?"

அதைக் கேட்டதும் இவர் எழுந்தார். நேராகத் தர்கா முத்தவல்லி ஷஃபி பாயிடம் போனார். நிர்வாகம் எல்லாம் அவர் கையில். "வருஷா வருஷம் காகிதத்துல கட்டிக் கடல்ல விடுறதெல்லாம் போதும் பாய். இரும்புல ஒண்ணு செஞ்சு தர்றேன். காலத்துக்கும் நிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார். இரும்பு என்பது அங்கே நின்ற நேரத்தில் வாயில் வந்ததுதான் என்று எனக்குத் தெரியும். காலையில் புறப்படும்போது அவர் மூங்கிலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

ஷஃபி பாய் இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "மீரான் இரும்புல செய்யட்டும். ஆனா ஒண்ணு. கொடி ஏறிட்டா கப்பல் பின்னால திரும்பக்கூடாது, கொடி எறங்கக்கூடாது. பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொல்றதுக்குள்ள தர்காவுல கொடி ஏறிடணும். ஒன் இரும்பு நடுத்தெருவுல நின்னுச்சுன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து கப்பல் தவுசீப்போடது. சரியாப்பா?"

"சரி பாய்" என்றான் தவுசீப், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை இவர் என்னிடம் நாலு தடவை நடித்துக் காட்டினார்.

எந்த மாதிரிக் கப்பல் என்பது ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. துபாயில் வேலையை விட்டுப் போன இங்கிலீஷ்கார இன்ஜினியர் ஒருவர் தவுசீப்புக்குக் கொடுத்த கனமான புத்தகம். பழைய போர்க்கப்பல்களின் படங்கள். தவுசீப் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஆஸிஃபாதான் பொழுதுபோகாமல் புரட்டுவாள். அந்த மாதங்களில் அவர்கள் வீட்டு மாடி வேலை நடந்தது. சிமெண்ட் தூசி தாங்கவில்லை என்று மத்தியானம் ஆனால் அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள், புத்தகத்தோடு.

ஒரு நாள் இவர் பட்டறையிலிருந்து எதையோ எடுக்க வந்தவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நின்றார். நீளமாக, ஒடிசலாக ஒரு கப்பல். இரண்டு புகைபோக்கி, முன்னும் பின்னுமாக இரண்டு கம்பம், பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கி.

"இது என்ன கப்பல்ம்மா?"

"ஸ்விஃப்ட்ஷர்னு பேரு மச்சான்."

"படிச்சுச் சொல்லு பாப்போம்."

மறுநாளிலிருந்து அவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அதற்கு முன் எத்தனையோ வருஷமாக நான்தான் பட்டறைக்குத் தூக்குவாளி அனுப்பிக்கொண்டிருந்தேன். வெயிலில் நடந்தால் தலைவலி வரும் என்று சொன்ன மனுஷர், இப்போது கையைக் காலை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து வாசற்படிக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்காருவார். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் புத்தகத்தோடு பாயில். நான் அடுப்படியில். "மெஹரு, டீ போடு. ஆஸிஃபாவுக்கும் சேத்து" என்பார். அவளுக்குச் சர்க்கரை குறைவாகப் போட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்டால் தெரியாது.

அவள் மருதாணி விரலை வரிமேல் வைத்துக்கொண்டு படிப்பாள், பிறகு தமிழில் சொல்வாள்.

"இங்கிலாந்துல கட்டின கப்பல் மச்சான். ஆனா அவங்களுக்காகக் கட்டல. சிலின்னு ஒரு தேசம். அதுக்குப் பக்கத்து தேசம் அர்ஜென்டினா. ரெண்டுக்கும் எல்லைத் தகராறு. அர்ஜென்டினாக்காரன் இத்தாலில கப்பலுக்குச் சொல்லிவிட்டான். ஒடனே சிலிக்காரன் இங்கிலாந்துல ரெண்டு கப்பலுக்குச் சொல்லிட்டான். அதுல ஒண்ணு இது."

"பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிட்டா சும்மா இருக்க முடியுமா?" என்றார் இவர்.

"கட்டிக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு தேசமும் சமாதானம் ஆயிடுச்சு. கப்பல் வேணாம்னு விக்கப் பாக்குறாங்க. ரஷ்யாக்காரன் கேக்குறான். அவன் கைக்குப் போயிடக் கூடாதேன்னு இங்கிலாந்தே வாங்கிடுச்சு."

"தேவைப்பட்டு வாங்கல?"

"தேவையே இல்லையாம். பீரங்கி அளவு வேற, இவங்க மத்த கப்பலோட குண்டு இதுக்குச் சேராது. இரும்புக் கவசமும் மெல்லிசு. ஆனா ஓட்டம் ஜாஸ்தி."

இவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. ஒரு தேசமே அடுத்தவனுக்குக் கிடைக்கக்கூடாது என்று ஒரு பொருளை வாங்குகிறது என்றால், அவருக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்தேன். அந்தச் சிரிப்பை வரவழைத்தது நான் இல்லை என்பதையும் யோசித்தேன். டீ பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது.

கப்பல் ஏன் அத்தனை ஒடிசல் என்பதற்கும் காரணம் இருந்தது. சிலி தேசத்தில் கப்பலைப் பழுதுபார்க்கும் தொட்டி அவ்வளவு அகலம்தான். அதற்குள் நுழைய வேண்டும் என்று அகலத்தைக் குறைத்து, எழுபத்தோரு அடியில் வரைந்திருக்கிறார்கள்.

"எங்க வீட்டுக்காரரு துபாய்ல வேலை செய்யிற எடம் மாதிரிதான் மச்சான் அந்தத் தொட்டி" என்று ஆரம்பித்தாள் ஆஸிஃபா.

"மேல படிம்மா."

பிறகு என்னிடம் சொன்னார்: "பாத்தியா, எங்க போவணுமோ அதை அளந்துட்டுத்தான் வரைஞ்சிருக்கான். அவன் வேலை தெரிஞ்சவன்."

இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு வேலையைத் தொடங்கினார். பத்தொன்பது அடி நீளம், மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். அதைத் தோளில் தூக்க முடியாது. சகாதேவன் என்று உப்பளத்துக்கு டிராக்டர் ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், இவருடைய சிநேகிதர். அவருடைய டிராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொள்வது என்று முடிவானது. பெட்டியில் ஒரு கல் உப்புகூட இருக்கக் கூடாது என்று இவர் போய்ப் போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். "மீரான் பாய், என் பொண்டாட்டியக்கூட நான் இப்பிடிக் குளிக்கச் சொன்னதில்ல" என்றார் சகாதேவன்.

ஷஃபி பாய் ஒரு நாள் பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார். "ஏம்பா, அவுலியா கொடியப் பீரங்கிக் கப்பல்ல ஏத்துறதா?"

"பீரங்கி வாயில மல்லிப்பூ செருகிடுறேன் பாய்."

"எத்தினி பீரங்கி?"

"பெருசு நாலு, சின்னது பதினாலு."

"ஊர்ல பூ பத்தாது போ" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானங்களில் கப்பலின் கதை நகர்ந்தது. அதனோடு ஒரே அச்சில் கட்டின இன்னொரு கப்பல் உண்டு, டிரையம்ஃப் என்று பேர். அதையும் இங்கிலாந்தே வாங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தில் அந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன என்று ஆஸிஃபா படித்தபோது, கூடப் பிறந்ததுகள் மோதாமல் இருந்தால்தான் அதிசயம் என்று அடுப்படியில் நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வருஷமே இதைவிடப் பெரிதாக, வேகமாக வேறு ஒரு கப்பல் வந்து இதைப் பழசாக்கிவிட்டதாம். இவர் "ம்" என்று மட்டும் சொன்னார். பிறகு இந்தியாப் பக்கத்துக் கடலுக்குத் தலைமைக் கப்பலாக அனுப்பினார்கள். பதினாலாம் வருஷச் சண்டையில் நம் சிப்பாய்களை ஏற்றிப்போன கப்பல்களுக்குப் பம்பாயிலிருந்து ஏடன் வரைக்கும் காவலாகப் போயிருக்கிறது.

"பம்பாய்க்கு வந்துச்சா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானும்தான் பம்பாய்க்குப் போனேன்."

ஆஸிஃபாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, ஆனால் நான் அடுப்படியில் இருந்தேன்.

துருக்கிப் பக்கம் நடந்த சண்டையில் டிரையம்ஃபை நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அடித்து மூழ்கடித்துவிட்டது. அந்த இடத்தை அவர் திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு, "தவுசீப் வேலை பாக்குறது கப்பலுக்கு அடியிலயா?" என்று கேட்டார்.

"ஆமா மச்சான். தண்ணிய எறைச்சுட்டு அடியில போய்தான்."

"பாத்து இருக்கச் சொல்லு."

அவ்வளவுதான் சொன்னார். தம்பியிடம் நேரில் சொல்லியிருக்கமாட்டார். மறுநாள் கப்பலை இருபதாம் வருஷம் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள் என்று ஆஸிஃபா தொடங்கியதும், "அதைப் படிக்க வேணாம்" என்று எழுந்து போய்விட்டார்.

அவள் போன பிறகு சில நாள் நான் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பேன். இங்கிலீஷ் எழுத்துகள் எனக்குத் தனித்தனியாகத் தெரியும், சேர்த்தால் நழுவிப்போகும். படத்தை மட்டும் பார்ப்பேன். பட்டறையில் இரும்பில் எழும்புகிறது படத்தில் எந்த இடம் என்று கண்டுபிடிப்பேன். முன்கம்பத்தின் குறுக்குக் கம்பியை அவர் புத்தகத்தில் இருப்பதைவிட நீளமாக வைத்திருக்கிறார் என்பதை நான்தான் முதலில் பார்த்தேன். கேட்டதற்கு, "லைட் தொங்க விடணும்ல. அவன் தெர்மகோலவிட இது தெரியணும்" என்றார்.

இந்த நேரத்தில்தான் தவுசீப் மாடி கிரிலைப் பாண்டிப் பட்டறையில் செய்யக் கொடுத்தான்.

"அண்ணன் கப்பல்ல பிஸியா இருக்காரு, தொந்தரவு பண்ண வேணாம்னு நெனச்சேன் பாபி" என்று அண்ணியான என்னிடம் சொன்னான். உண்மையாகவே அப்படி நினைத்திருக்கலாம். இவரிடம் அந்தச் சேதி போன அன்றைக்குப் பட்டறையில் வேலை நடக்கவில்லை. அதற்குப் பிறகு பள்ளிவாசல் தெரு முனைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். தொழுகைக்குக்கூடக் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாடிக்குப் பால்கனி போட்டார்கள். அது தெருப் பக்கம் நீண்டது. பால்கனி போதாதென்று, பாண்டியிலிருந்து வந்த கிரிலும் வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. இப்போது அதுதான் மோஸ்தராம்.

"என்னங்க, தவுசீப் வீட்டு மாடி தெருப் பக்கம் ரொம்ப வெளிய வந்திருக்குது" என்றேன் ஒரு நாள்.

"அவன் வீட்டப் பத்தி என்கிட்ட பேசாத."

"அதுக்கில்ல, கப்பல் போற வழி..."

"அந்தத் தெருவுல இருவது வருஷமாத் தோள் குடுத்திருக்கேன். அகலம் எனக்குத் தெரியாதா?"

தோளில் போகும்போது அந்த முனையில் ஆட்கள் கப்பலைச் சாய்த்துக்கொள்வார்கள், மூங்கில் கப்பல் சாயும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதற்குமேல் அவரிடம் பேச எனக்கு வராது.

கந்தூரி அன்று சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் கப்பல் பள்ளிவாசல் முன்னால் நின்றது. வெளிர் சாம்பல் பெயிண்ட், பதினெட்டுப் பீரங்கி வாயிலும் மல்லிப்பூ, பின்கம்பத்தில் பச்சைக் கொடி. எக்கியார்குப்பத்திலிருந்து மீன்பிடிக்கிறவர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஒரு அம்மா கப்பலைத் தொட்டுக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டதை இவர் பார்த்தார். முன்பக்கத்துப் பெரிய பீரங்கியின் பக்கத்தில் ஏறி நின்றார். தவுசீப் டிராக்டருக்கு முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான்.

அதை எல்லாம் நான் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். பெண்கள் எல்லாம் ஆஸிஃபா வீட்டுப் புதுப் பால்கனியில் கூடியிருந்தார்கள். அவள் வந்து கையைப் பிடித்து இழுத்துப்போய்விட்டாள். "உங்க வீட்டுக் கப்பல நீங்க மொதல்ல பாக்க வேணாமா பாபி?" என்று கிரிலோரம் நிறுத்தினாள். அந்த வீட்டு மாடியில் நான் நிற்பது இவருக்குத் தெரியாது. தெரியாமலே போகட்டும் என்று துப்பட்டியை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டேன். கிரிலைத் தொட்டுப் பார்த்தேன். பற்று வைத்த இடம் தெரியவே இல்லை, அவ்வளவு வழவழப்பு. இதை அவரிடம் ஒருநாளும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன்.

கரண்டை நிறுத்தியிருந்தார்கள். மூங்கில் கவையால் கரண்ட் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, கப்பல் கடைத்தெருவைத் தாண்டி நாங்கள் நின்ற முனைக்கு வந்தது. டிராக்டர் திரும்பியது. பின்னால் வந்த பெட்டி உள்பக்கமாகச் சுருக்கி வளைந்து வீட்டை உரசுகிற மாதிரி வந்தது. முன்கம்பம் என் கண்ணுக்கு நேராக நெருங்கியது. குறுக்குக் கம்பி கிரிலின் வயிற்றுக்குள் நுழைந்து, கிறீச்சென்று மாட்டிக்கொண்டது. பெண்கள் கத்திக்கொண்டு பின்னால் போனார்கள். நான் கிரிலைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"நிறுத்து, நிறுத்து!"

சகாதேவன் பிரேக்கை அழுத்தினார். "பின்னால எடுக்கட்டா?"

"எடுக்காத!" என்று ஷஃபி பாய் கத்தினார். "கொடி பின்னால போவக் கூடாது!"

முன்னால் போனால் கம்பி இன்னும் உள்ளே வளையும். முன்னால் போன தப்ஸ் மேளம் நின்றுபோனது. எல்லோரும் முதலில் வானத்தைப் பார்த்தார்கள், பிறகு தவுசீப்பைப் பார்த்தார்கள். சூரியன் உப்பளத்துக்கு மேலே ஒரு பனை உயரத்தில் இருந்தது.

இவர் கப்பலின் மேல்தட்டில் கால் வைத்து ஏறி வந்தார். கம்பம் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்தவர் முதலில் கிரிலைத்தான் பார்த்தார். விரலால் ஒரு பற்றைத் தடவினார். முகம் இறுகியது. அதற்கப்புறம்தான் கிரிலுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார்.

"நீ இங்க என்ன பண்றே?"

துப்பட்டியை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

கீழே தவுசீப்பின் குரல் கேட்டது. ஊருக்கே கேட்கும்படி சொன்னான். "கிரில வெட்டிடுண்ணே! யோசிக்காத. கொடிக்கு மின்னால இந்த வீடெல்லாம் எம்மாத்திரம்? வெட்டு!"

கூட்டம் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. "தவுசீப் மனசு யாருக்கு வரும்!" என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது. அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது. ஆஸிஃபா என் தோளுக்குப் பின்னாலிருந்து, "வெட்டச் சொல்லுங்க பாபி, போனா போவுது" என்றாள். குரல் உடைந்திருந்தது. மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நான் உள்ளதைச் சொல்கிறேன். அந்தக் கிரில் அறுபட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. பாண்டிக்காரன் செய்த கிரிலை அறுக்கிற வாய்ப்பை இவர் விடுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"சகாதேவா, ஆக்ஸா பிளேடு குடு."

சகாதேவன் டூல்ஸ் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினார். இவர் வாங்கினார். ஒரு தடவை கீழே தம்பியைப் பார்த்தார். பிறகு பிளேடைக் கொண்டுபோய்க் கிரிலுக்குக் கீழே, தன் கப்பலின் முன்கம்பத்தில் வைத்தார்.

"அண்ணே, என்ன பண்றே? கிரில வெட்டச் சொன்னா..."

"ஒன் வீட்ட அறுத்துட்டு என் கப்பல் போவ வேணாம்" என்றார் இவர், அதைவிடச் சத்தமாக. பிறகு என்னிடம், மெதுவாக: "மேல புடிச்சுக்க. அறுந்தா ஆளு மேல விழுந்துடும்."

கிரில் வழியாக இரண்டு கையையும் நீட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். துப்பட்டி தலையிலிருந்து நழுவியது, சரி செய்யக் கை இல்லை. தெரு முழுக்க ஆம்பிளைகள். அவர் அறுக்க அறுக்க அந்த அதிர்வு என் முழங்கை வரைக்கும் வந்தது. இரும்புத்தூள் மல்லிப்பூமேல் விழுந்தது. அவர் முகம் என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் கையால் கட்டினதைத் தானே அறுத்துக்கொண்டிருந்தார். "விட்றாத" என்றார். "விடல" என்றேன்.

கம்பம் அறுந்தது. பாரம் என் கைக்கு வந்தது. கப்பல் விடுபட்டு முன்னால் நகர்ந்தது. தப்ஸ் மறுபடி ஆரம்பித்தது. கொடி ஒரு தடவைகூடத் தாழாமல் முனையைத் தாண்டிப் போனது. தர்காவில் அது ஏறிய பிறகுதான் மஃரிப் பாங்கு கேட்டது என்று சகாதேவன் வந்து சொன்னார். கப்பல் இனி எப்போதும் மீரான் பொறுப்புதான் என்று ஷஃபி பாய் அங்கேயே சொல்லிவிட்டாராம்.

அந்த அறுந்த கம்பம் மட்டும் கிரிலில் தொங்கிக்கொண்டு நின்றது. பெண்கள் சேர்ந்து திருப்பித் திருப்பி உள்ளே இழுத்தோம். தவுசீப் மேலே வந்தான். கண் கலங்கியிருந்தது. "இது எங்க வீட்லயே இருக்கட்டும் பாபி. அண்ணன் செஞ்சத நான் மறக்கவே மாட்டேன். சுவத்துல மாட்டி வெக்கிறேன்" என்றான்.

"இல்ல தம்பி, அவரு கேப்பாரு" என்றேன்.

அதைத் தோளில் வைத்துக்கொண்டு நான்தான் தெரு வழியாக வீட்டுக்கு நடந்தேன். ஊர்வலம் பார்த்துத் திரும்புகிற கூட்டமெல்லாம் ஒதுங்கி வழிவிட்டது. கடைத்தெருவில் தனியாக நான் அதுவரை நடந்ததில்லை.

ஊர் முழுக்க ஒரே பேச்சு. மீரானுக்கு எவ்வளவு பெரிய மனசு, தம்பி வீட்டுக்கு ஒரு கீறல் படக்கூடாது என்று தன் கப்பலையே அறுத்தான் பார். மறுநாள் மத்தியானம் ஆஸிஃபா வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் போன பிறகு அவரிடம் கேட்டேன்.

"கிரில வெட்டிட்டுப் போயிருக்கலாமே. தவுசீப்தான் சொல்லிட்டான்ல?"

"வெட்டியிருந்தா? வருஷா வருஷம் கப்பல் அந்த முனைக்கு வரும்போதெல்லாம், தவுசீப் தன் வீட்ட வெட்டி வழிவிட்டான்னு அவன் பேரத்தானே சொல்லுவாங்க? கப்பல் என்னுது, பேரு அவனுதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறைத்தார். பிறகு அவரும் சிரித்தார். அதுவரைக்கும் யாருக்கும் சொல்லாததை எனக்குச் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது. ஆஸிஃபாவிடம் அவர் இதைச் சொல்லியிருக்க முடியாது.

அந்த வாரமே பட்டறையில் கம்பத்தைத் திரும்பப் பொருத்தினார். இந்தத் தடவை நடுவில் ஒரு கீல் வைத்தார். முனை வரும்போது ஆணியை எடுத்தால் கம்பம் மடங்கி முன்னால் படுக்கும், தாண்டியதும் நிமிர்த்திக்கொள்ளலாம். தூக்குவாளியோடு போயிருந்த எனக்கு மடக்கிக் காட்டினார். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"எப்பிடி?"

"நல்லா இருக்குது. எந்த எடத்துல மடக்குவீங்க?"

"வேற எங்க? தவுசீப் வீட்டு முன்னாலதான்."

சொல்லிவிட்டு நின்றார். கம்பத்தைப் பார்த்தார். அது தலையைக் குனிந்துகொண்டு கிடந்தது.

"வருஷா வருஷமா?" என்றேன்.

அவர் வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சாயங்காலம் நான் மறுபடி எட்டிப்பார்த்தபோது கீல் தரையில் கிடந்தது. முன்கம்பத்தை அறுத்த இடத்திலேயே நிறுத்தி, மேலே ஒரு குமிழ் வைத்து மூடியிருந்தார்.

இப்போது கப்பல் தர்காவுக்குப் பக்கத்தில் கொட்டகையில் நிற்கிறது. பின்கம்பம் உயரம், முன்கம்பம் பாதி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏன் இப்படி என்று கேட்பார்கள். புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். ஆஸிஃபா பக்கத்தில் இருந்தால், அவளும் ஆமாம் என்கிறாள்.